இரட்டை வேலி

ஜன்னல் கண்ணாடியில் கரண்டி இரண்டு முறை தட்டியது. ஏதோ ஒரு செடியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். லாமர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெளிப்பானின் கைப்பிடியை நாலு முறை அழுத்திவிட்டு, வந்த வரிசையிலேயே பின்னால் நகர்ந்தார். வேலியோரம் ஒரு சிவப்புத் துலிப் நனையாமல் நின்றது. அதன்மேல் பீய்ச்சினார். கரண்டிச் சத்தம் நின்றது.

மான் வாய் வைக்காமலிருக்க அடிக்கும், அழுகிய முட்டையும் பூண்டும் கலந்த தண்ணீர் அது. அந்த நாற்றம் சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, காலையில் குடித்த காபியில்கூட ஏறியிருந்தது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். இந்த ஏப்ரலில் மழை விட்ட நாளே இல்லை. ஈர மண்ணில் மண்டியிட்டு மண்டியிட்டு அவருடைய பேன்ட்டில் இரண்டு கறுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. எழுபத்தாறு வயது முழங்கால்கள். எழுந்திருக்கும்போது வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

மறுபடி கரண்டி தட்டியது. இந்தத் தடவை மூன்று தட்டு. உள்ளே வா.

தெளிப்பானை ஒரு கையிலும் வாளியை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி வெர்னாவின் கட்டிலைப் பின்பக்க அறையில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பிப்ரவரியில் மருத்துவமனை ஆட்கள் அந்தச் சக்கரக் கட்டிலைக் கொண்டுவந்தபோது, தெருவைப் பார்த்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார்கள். "தெருவுல எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள் வெர்னா. தோட்டம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போடச் சொன்னாள். அப்போது அவளால் எழுந்து உட்கார முடிந்தது. இப்போது தலையணை மேல் அவள் முகம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தது. புற்று கணையத்திலிருந்து கல்லீரலுக்குப் போய், தோல் பழைய காகிதம்போல மஞ்சளாகிவிட்டது. கரண்டியைப் பிடித்த விரல்கள் மட்டும் இன்னும் அவளுடையவையாகவே இருந்தன.

"ஹோஸ்டாச் செடி," என்றாள்.

"ஹோஸ்டாவுக்கும் அடிச்சாச்சு."

"மொளை விட்டிருக்கு. அதைத்தான் மொதல்ல திங்கும்."

"அதான் அடிச்சாச்சுன்னு சொல்றேனே."

"நாத்தம் அடிக்கிற."

"நீ அடிக்கச் சொன்னதுதான்."

உதட்டின் ஒரு மூலை அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக நடக்கிற சண்டை இது. பென்சில்வேனியாவின் அந்த மலைச்சரிவில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வசந்தத்தில், அவள் நட்ட எண்பது துலிப்களையும் மான்கள் மொட்டோடு தின்றுவிட்டுப் போயின. அன்று தொடங்கியது. பழைய காலுறைகளில் சோப்புக்கட்டியைப் போட்டுக் கிளைதோறும் தொங்கவிட்டாள். முடிதிருத்தும் கடையிலிருந்து முடி வாங்கி வந்து தூவினாள். செடிகளுக்கு நடுவே ரேடியோவைப் பாடவிட்டாள். மான்கள் அதைக் கேட்டுக்கொண்டே தின்றன. ஆள் அசைந்தால் தண்ணீர் பீய்ச்சும் கருவி ஒன்றை வாங்கி வைத்தாள். அது மானை விட்டுவிட்டுத் தபால்காரரை நனைத்தது.

மான் தொடாத பூக்களாக நடலாமே என்று விவசாய அலுவலகத்துப் பெண் ஒருத்தி ஒரு பட்டியலைக் கொடுத்தாள். டாஃபடில் நடலாம், லாவெண்டர் நடலாம். வெர்னா அதைப் படித்துவிட்டு லாமரிடம் நீட்டினாள். "மானுக்குப் பிடிக்காததா பாத்து நட்டா அது மானோட தோட்டம். என்னோடது இல்ல."

கடைசியில் வேலி. எட்டடி உயரம் வேண்டும், இல்லாவிட்டால் தாண்டிவிடும். ஊராட்சி ஆறடிக்கு மேல் கூடாது என்றது. வெர்னா எங்கேயோ படித்துவிட்டு வந்தாள்: ஒரு வேலிக்கு உள்ளே நாலடி தள்ளி இன்னொரு வேலி போட்டால் போதும், உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து மான் தாண்டாது. லாமர் ஒரு கோடை முழுக்கக் குழி தோண்டினார். வெளியே மரச்சட்டம், உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் வலை, இரண்டுக்கும் ஒவ்வொரு கதவு. அவருக்கு அந்தத் தோட்டத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. பள்ளிப் பேருந்துகள் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு கிடைத்ததும் உட்காரலாம் என்று நினைத்திருந்தார்.

பத்து மணிக்குச் செவிலி யோலாண்டா வந்தாள். போர்வையை விலக்கி வெர்னாவின் முழங்காலைப் பார்த்தாள், பாதத்தைத் தொட்டாள், நாக்கடியில் மருந்துச் சொட்டு விட்டாள். பிறகு லாமரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு, இல்லைன்னா நாளைக்கு. மகளை வரச் சொல்லிருங்க, லாமர்."

"காலையிலகூட கரண்டியால தட்டினாளே."

"சில பேர் அப்படித்தான். கடைசி வரைக்கும் தட்டுவாங்க." அவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். "சாயங்காலம் வாக்கில பேச்சு நின்னுரும். ஆனா காது கேக்கும். நீங்க பாட்டுக்கு ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசுறது?"

"எப்பவும் என்ன பேசுவீங்களோ அதுதான்."

ரோண்டாவைக் கூப்பிட்டார். பிட்ஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். ஒரு மணிக்குக் கிளம்புகிறேன், நாலுக்கெல்லாம் வந்துவிடுவேன் என்றாள் மகள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது என்று அவருக்குப் பட்டது.

மதியம் கதவு மணி அடித்தது. பக்கத்து வீட்டு எல்வுட் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் இந்த வீட்டுப் படியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. மனைவி போன பிறகு, அவர் தன் கொல்லையில் ஒரு தொட்டி வைத்து மான்களுக்கு மக்காச்சோளம் போட ஆரம்பித்தார். வெர்னா ஒரு முறை போய்ச் சொன்னாள், இரண்டாம் முறை போய்க் கத்தினாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. பனிக்காலத்தில் லாமரும் எல்வுட்டும் தத்தம் வாசலில் பனியை வாரும்போது, ஒருவர் உள்ளே போகும்வரை மற்றவர் கராஜுக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

"கோழியும் நூடுல்ஸும்," என்றார் எல்வுட். "உப்பு கம்மியா போட்டிருக்கேன்."

"அவ ஒண்ணும் சாப்பிடறதில்ல."

"உனக்குத்தான்."

லாமர் வாங்கிக்கொண்டார். எல்வுட் இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

"யாரு?" உள்ளிருந்து வெர்னாவின் குரல் நூல்போல வந்தது.

"எல்வுட். சாப்பாடு கொண்டுவந்தான்."

"தொட்டியை எடுத்துட்டானா, கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"எடுத்துட்டானாம்."

வெர்னா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஐம்பத்தொரு வருடம் பார்த்த பார்வை. "உனக்குப் பொய் சொல்லவே வரல," என்றாள். அவள் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம் அது. அப்போது அவருக்கு அது தெரியவில்லை. பாத்திரத்தைக் குளிர்பெட்டியில் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மறுபடி மழை பிடித்தது. காலையில் அடித்த மருந்தெல்லாம் போயிற்று என்று நினைத்தார். எழுந்து போக வலுவில்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யோலாண்டா சொன்னபடி பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். கூரை நீர்க்குழாயில் இலை அடைத்திருக்கிறது. ரோண்டா வந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய மூச்சு நீளமாக வந்தது, பிறகு வெகுநேரம் வராமல் இருந்து மறுபடி வந்தது. பன்னிரண்டு வாரமாக அவர் ஒரு இரவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. கை கையில் இருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மணி ஐந்தேமுக்கால். தோட்டத்தில் மேற்கு வெயில் சாய்வாக விழுந்திருந்தது. ரோண்டா இன்னும் வரவில்லை.

வெர்னாவின் கண்கள் திறந்திருந்தன. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அவருடைய கைக்குள் அசைந்தது. ஒரு விரல் நிமிர்ந்து கண்ணாடிப் பக்கம் நீண்டது.

ஐந்து மான்கள். இரண்டு வேலிகளுக்கும் உள்ளே நின்று, பந்தியில் உட்கார்ந்தவர்கள்போல அவசரமில்லாமல் துலிப்களை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தன. வெளிக்கதவும் திறந்து கிடந்தது, உள்கதவும் திறந்து கிடந்தது. காலையில் இரண்டு கையிலும் சாமான் இருந்தது என்று அப்போதுதான் லாமருக்கு ஞாபகம் வந்தது. அவள் மூன்று தட்டுத் தட்டினாள், அவர் கொக்கி போடாமல் வந்துவிட்டார்.

"தின்னுட்டுப் போகட்டும் விடு," என்றார். "நான் இங்க இருக்கேன்."

விரல் இறங்கவில்லை. அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் இருக்க அவருக்கு வழியில்லை. போ.

"வெர்னா."

போ.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். சமையலறையில் தட்டு துடைக்கும் துண்டை எடுத்துக்கொண்டு பின்கதவால் ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த முழங்கால்களோடு.

துண்டை வீசிக் கத்தினார். நான்கு மான்கள் வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்த வழியே கதவைத் தாண்டிப் போயின. ஐந்தாவது சின்னது, போன வருடக் குட்டி. மிரண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்து வலையில் மோதிற்று. எழுந்து மறுபடி மோதிற்று. முன்னங்கால் இரண்டும் வலைக்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டன. அது கத்தியது. மான் அப்படிக் கத்தும் என்று வேட்டைக்குப் போன காலத்தில்கூட அவர் கேட்டதில்லை. குழந்தை அலறுவதுபோல இருந்தது. உள்ளே அவளுக்கும் கேட்கும் என்று நினைத்தார்.

வலையைக் கையால் பிய்க்கப் பார்த்தார். பின்னங்கால் உதை ஒன்று தொடையில் விழுந்தது. சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"தலையை மூடு. துண்டைப் போட்டுத் தலையை மூடு."

எல்வுட் கதவு வழியாக வந்துகொண்டிருந்தார். கையில் கிளை வெட்டும் கத்தரிக்கோல். வீட்டில் போடும் செருப்போடு வந்திருந்தார்.

"நீ மூடு," என்றார் லாமர். "கத்தரியைக் குடு."

"உன் கையெல்லாம் சேறு, வழுக்கும். குத்திக் கித்தி வைப்ப. மூடு."

லாமர் துண்டை அதன் கண்மேல் போட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதன் நெஞ்சு அவருடைய நெஞ்சோடு அடித்தது. எல்வுட் மண்டியிட்டு வலையை ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். அவசரப்படவில்லை. ஒரு கால் விடுபட்டது. இன்னொரு கால் விடுபட ரொம்ப நேரம் ஆயிற்று. "இப்ப விடு," என்றார். துண்டோடு பாய்ந்து, துண்டை உதறிவிட்டு, அது கதவைக் கண்டுபிடித்து ஓடியது.

இரண்டு கிழவர்களும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் தலையில்லாத துலிப் தண்டுகள்.

"தொட்டியைக் கவுத்துட்டேன்," என்றார் எல்வுட். "ஜனவரியிலேயே. அவளுக்கு உடம்பு முடியலன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே. அதைச் சொல்லத்தான் மத்தியானம் வந்தேன். வாய் வரல."

லாமர் அவரைப் பார்த்தார். "ஜனவரியிலேயா?"

"அதுங்க பாட்டுக்கு வருது. பழகிருச்சு." கத்தரியைப் புல்லில் துடைத்தார். "எப்படி இருக்கா?"

லாமர் ஜன்னலைப் பார்த்தார். வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. "பாத்துக்கிட்டு இருக்கா," என்றார்.

இந்தத் தடவை இரண்டு கதவுக்கும் கொக்கி போட்டார்.

சமையலறைக் குழாயில் கை கழுவும்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஒரு குட்டி மாட்டிக்கிச்சு. வலை கொஞ்சம் போச்சு, நாளைக்குத் தச்சிரலாம். எல்வுட்தான் வெட்டி விட்டான். இந்தா, கேட்டுக்க. அவன் நெஜமாவே தொட்டியை எடுத்துட்டானாம். ஜனவரியிலேயே. நான் சொன்னது பொய் இல்ல. சரி, பொய்தான், ஆனா நெஜமாப் போச்சு." விரல் இடுக்குகளில் மண் போகவில்லை. சோப்பை மறுபடி எடுத்துத் தேய்த்தார். "துலிப் பாதி போச்சு. ஹோஸ்டாவைத் தொடல. மருந்து நின்னுருச்சு போல."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தார்.

முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நின்று எண்ணினார். அடுத்த மூச்சுக்கு வழக்கமாக ஆகும் நேரம் ஆயிற்று. அதைப்போல இரண்டு மடங்கு ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய கை அவர் விட்ட இடத்திலேயே, உள்ளங்கை மேலாகக் கிடந்தது. இன்னும் சூடு இருந்தது.

ரோண்டா ஆறரைக்கு வந்தாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கோட்டோடு உள்ளே வந்து, அறை நிலையில் நின்று, அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"எப்போ?"

"இப்பத்தான். அரை மணி இருக்கும்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தா," என்றார் லாமர். "கஷ்டப்படல."

ரோண்டாவின் பார்வை அவருடைய பேன்ட்டில், இடுப்புவரை அப்பியிருந்த சேற்றில் ஒரு கணம் நின்றது. கோட்டைக் கழற்றிவிட்டு அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு வெளியே போய், யோலாண்டாவைக் கூப்பிட எண் எங்கே என்று கேட்டாள்.

அடக்கம் சனிக்கிழமை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வெர்னாவையும் மானையும் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதியை மாற்றச் சொல்லி ஊராட்சிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்ற கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். லாமர் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார். எல்வுட் கடைசி வரிசையில் கழுத்துப்பட்டை இறுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

கல்லறை மேட்டில் எல்லாரும் கலைந்த பிறகு, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தயங்கித் தயங்கி வந்தான். புது மண்மேல் பூ வளையங்கள் குவிந்திருந்தன. ரோஜா, லில்லி, கார்னேஷன்.

"மன்னிச்சுக்குங்க, சொல்லிரணும். இதையெல்லாம் இங்க வச்சா காலையில தண்டுதான் இருக்கும். மலையிலேருந்து இறங்கி வந்துரும். வேணும்னா என்கிட்ட மருந்து இருக்கு, அடிச்சு விடறேன். கொஞ்சம் நாறும்."

ரோண்டா அப்பாவைப் பார்த்தாள். லாமர் பூக்களைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சு."

காரில் ரோண்டாதான் ஓட்டினாள். ஊர் எல்லைக்கு வந்தார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது லாமர் சொன்னார்:

"நான் பக்கத்துல இல்ல, ரோண்டா. மானைத் துரத்தப் போயிருந்தேன்."

"சேறு இருந்துச்சே உன் மேல."

"அவதான் போகச் சொன்னா. ஆனா கதவுக்குக் கொக்கி போடாம வந்தது நான். காலையில. அதைப் போட்டிருந்தா போயிருக்கவே வேண்டியதில்ல."

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் வண்டி எதுவும் இல்லை. அவள் நகர்த்தவில்லை.

"நான் நாலு மணிக்கு வந்திருக்கணும்," என்றாள். "வழியில ஒரு காபிக் கடையில நிறுத்தினேன். காபி வாங்கிட்டு வண்டியில வந்து உக்காந்தேன். சாவியைத் திருப்பவே முடியல. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், அப்பா. ஒண்ணும் பண்ணல. சும்மா."

லாமர் தலையாட்டினார். விளக்கு மறுபடி சிவப்பாயிற்று. அடுத்த பச்சைக்கு அவள் வண்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை மருத்துவமனை ஆட்கள் இரண்டு பேர் வந்து கட்டிலை மடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டு, வண்டியேறினார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. சக்கரங்கள் நின்ற இடத்தில், தரைவிரிப்பில் நாலு குழிகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

ரோண்டா தூசி உறிஞ்சும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். போகவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி எடுத்து வந்தாள். குனிந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு கட்டியை வைத்தாள்.

"உருகினா நூல் எழும்பி வந்துரும்," என்றாள். "கொஞ்ச நேரம் ஆகும். மிதிச்சுராத."

அவள் பாத்திரம் கழுவப் போனாள். லாமர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு கட்டிகளும் வெயிலில் மெல்லக் கரையத் தொடங்கியிருந்தன. ஜன்னலைத் திறக்க வேண்டும்போல இருந்தது. எழுந்து, நாலு குழிகளுக்கும் வெளியே, கட்டில் இன்னும் அங்கேயே கிடப்பதுபோலச் சுற்றிக்கொண்டு போனார்.